களக்காட்டுக் கணக்கு

அன்புள்ள ஐயா,

நான் இட்டமொழிப் பக்கத்துக்காரன். சென்னையில் மென்பொருள் வேலை. ஊருக்கு வரும்போதெல்லாம் விஜயநாராயணம் கடற்படை நிலையத்தின் கம்பங்கள் கண்ணில் படுகின்றன. தெற்கே கூடங்குளம் அணுமின் நிலையம், மேற்கே மகேந்திரகிரி ராக்கெட் சோதனை மையம். போர் வந்தால் முதல் குண்டு நம் தலையில்தானா? அமெரிக்கா தன் தாயகப் பாதுகாப்புக்கு வியூக ஆவணம் எழுதி, கூட்டாளிகள் யார் யார் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. நாம் யாரோடு சேர்வது? யாரோடும் சேராமல் தனித்து நிற்பதுதானே மானம்? புலித்தேவரும் கட்டபொம்மனும் பிறந்த சீமையில் எழுத்தாளர்கள் ஏன் இதையெல்லாம் எழுதுவதில்லை? இத்துறையை அறிய ஐந்து புத்தகங்கள் சொல்ல முடியுமா?

ம.

அன்புள்ள ம.,

புலித்தேவரின் ஊரான நெற்கட்டும்செவல் போய்வந்து, அங்கே காதில் விழுந்த ஒரு கேள்வியை மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் பதில் எழுதியிருக்க மாட்டேன். ஐந்து புத்தகம் கேட்கும் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. ஒன்றைப் படித்து முடித்துவிட்டு இரண்டாவதைக் கேளுங்கள்.

முதல் குண்டு எங்கே விழும் என்று சோசியம் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1988 டிசம்பர் 31 அன்று இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரு ஒப்பந்தம் போட்டன. ஒருவருடைய அணுசக்தி நிலையங்களை மற்றவர் தாக்குவதில்லை என்று ஒப்பந்தம். அணுமின் உலைகளும் அதில் அடக்கம். 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் இரு நாடுகளும் தங்கள் நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. கார்கில் வந்தது, மும்பைத் தாக்குதல் வந்தது, தூதர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பட்டியல் மட்டும் ஒரு வருடம்கூட நிற்கவில்லை. கூட்டாளியோடு போட்டதல்ல அது, எதிரியோடு போட்டது. மகேந்திரகிரிக்கும் விஜயநாராயணத்துக்கும் அப்படி ஒரு காகிதம் கிடையாது, அது வேறு விஷயம்.

எழுத்தாளர்கள் ஏன் எழுதுவதில்லை என்ற கேள்வியை விடுங்கள். எழுதினால் நீங்கள் படிக்கவா போகிறீர்கள்?

மானம் என்றீர்களே, அதற்கு வருகிறேன். நெற்கட்டும்செவலில் புலித்தேவர் நினைவு மாளிகை இருக்கிறது. நான் போயிருந்தபோது ஒரு வேனில் இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். மாலை, கோஷம், மீசையை முறுக்கிக்கொண்டு செல்ஃபி. கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு பையன் மட்டும் பின்தங்கி என்னிடம் வந்தான். “அண்ணாச்சி, இவரு யாருகூடச் சண்ட போட்டாரு? வெள்ளக்காரன்கூடயா, நவாபுகூடயா?” என்றான். ரெண்டு பேர்கூடயும்தான் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்பம் இவருகூட யாரு நின்னா?” என்று கேட்டான். அதற்குள் வேன்காரர் ஹாரன் அடித்துவிட்டார். அவனுக்குச் சொல்ல முடியாமல் போனதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

தம்பி, புலித்தேவர் தனித்து நின்றவர் இல்லை. அவர் வாழ்நாள் வேலையே கூட்டுச் சேர்ப்பதுதான். சிவகிரி நீங்கலாக மறவர் பாளையங்கள் அவர் பக்கம் நின்றன. ஆற்காட்டு நவாபுக்குப் போட்டியாக இருந்த சந்தாசாகிபின் ஆட்களான மியானா, முடேமியா, நபிகான் கட்டக் என்ற மூன்று பேரைத் தன் பக்கம் வைத்திருந்தார். மைசூரின் ஹைதர் அலியிடம் உதவி கேட்டார். பிரெஞ்சுக்காரர்களிடமும் கேட்டார். ஹைதர் அப்போது மராத்தியர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், வர முடியவில்லை. எட்டயபுரம் சேரவில்லை. பாஞ்சாலங்குறிச்சியும் சேரவில்லை. ஆமாம், நீங்கள் ஒரே மூச்சில் சொன்ன இரண்டு பெயர்களில் ஒருவருடைய பாளையம் மற்றவருடைய கூட்டில் இல்லை. வீரபாண்டிய கட்டபொம்மன் பட்டத்துக்கு வருமுன் நடந்த கதை இது, ஆகவே அவர்மேல் குறை இல்லை. ஆனால் இரண்டு படத்தையும் ஒரே சட்டத்தில் மாட்டிவைத்துக் கும்பிடுகிறோமே, என்றைக்காவது இதைக் கேட்டிருக்கிறோமா?

இனி களக்காடு. அங்கே நடந்த சண்டையில் ஆற்காட்டு நவாபின் அண்ணன் மாபூஸ்கானின் படை தோற்று ஓடியது. திருவிதாங்கூரிலிருந்து 2000 வீரர்கள் வந்து புலித்தேவரோடு சேர்ந்துகொண்டதால் கிடைத்த வெற்றி அது. திருவிதாங்கூர் எதற்கு வந்தது? நெல்லைச் சீமையின் மானம் காக்கவா? பச்சையாறு பாயும் வயல், மலையடிவாரத்துக் குளங்கள், அத்தனைக்கும் மேல் கணவாய்க்கு இந்தப் பக்கம் காலூன்ற ஓர் இடம். களக்காடு வேண்டும் என்றுதான் வந்தது. சில வருடம் கழித்து, கம்பெனிக்கும் நவாபுக்கும் தளபதியாக இருந்த, மருதநாயகம் என்று நாம் சொல்லும் யூசுப்கான் அதே களக்காட்டை விட்டுத்தருகிறேன் என்றதும் அந்தப் பக்கம் போய்விட்டது. துரோகம் என்று கத்துவதில் ஒரு பிரயோசனமும் இல்லை. அவர்கள் வந்த காரணம் கடைசிவரை மாறவே இல்லை. அந்தக் காரணத்தைக் கையில் வைத்திருந்த ஆள்தான் மாறினார்.

அதற்குப் பிறகும் யூசுப்கான் அவசரப்படவில்லை. திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரிய பீரங்கிகளும் வெடிமருந்தும் வந்து சேரும்வரை புலித்தேவரைத் தொடவில்லை. வந்த பிறகு கோட்டையை இரண்டு மாதம் போட்டு இடித்தார். 1761 மே 16 அன்று நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்று கோட்டைகளும் கையைவிட்டுப் போயின. இதில் யாருக்கு வீரம் குறைவு? திருச்சியிலிருந்து இந்தச் செம்மண் காட்டுக்குப் பீரங்கி வந்த பாதை இருக்கிறதே, அதில் எத்தனை மாடு, எத்தனை வண்டி, எந்த ஆற்றை எங்கே கடந்தார்கள் என்று எந்தக் கும்மிப்பாட்டிலும் நான் கேட்டதில்லை. நமக்கு வாள் போதும். அந்த யூசுப்கானையும், அவர் யாருக்காகக் கோட்டைகளை இடித்தாரோ அவர்களே 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கில் போட்டார்கள்.

என் பெரியப்பா ஒருவர் ராணுவத்தில் சப்ளையில் இருந்தார். 1971இல் திரிபுராப் பக்கம். மீட்டர்கேஜ் ரயில் தர்மநகரோடு நின்றுவிடும். அதற்கப்பால் மலைப்பாதையில் லாரிதான். மழைக்காலம் முழுக்க அரிசி, கோதுமை மாவு, பெட்ரோல் பீப்பாய், குண்டுப் பெட்டி என்று இறக்கி, எண்ணி, தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார். ஊருக்கு வந்ததும் பொடிசுகள் நாங்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டு, “பெரியப்பா, எத்தன பேரச் சுட்டிய?” என்று கேட்போம். “நா ஒரு கொசுவக்கூடச் சுடலடே. மூட்ட எண்ணிக்கிட்டு இருந்தேன். நம்ம சட்ட நனையலாம், மூட்ட நனையப்பிடாது” என்பார். எங்களுக்குச் சப்பென்று போய்விடும். எழுந்து கீழத்தெருத் தாத்தாவிடம் ஓடிவிடுவோம். அவர் சுட்டவர்களின் எண்ணிக்கை ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் கூடிக்கொண்டே போனது.

அந்த வருடம் ஏப்ரலில், இப்போதே கிழக்குப் பாகிஸ்தானுக்குள் படையை அனுப்ப முடியுமா என்று இந்திரா காந்தி கேட்டபோது ராணுவத் தளபதி மானெக்ஷா முடியாது என்றார். மழை வருகிறது, படை தயாரில்லை, இமயத்துக் கணவாய்களைப் பனி மூடினால்தான் சீனப் பக்கம் கவலை இருக்காது என்பது அவர் கணக்கு. ஆகஸ்ட் 9 அன்று சோவியத் யூனியனோடு ஒப்பந்தம் ஆயிற்று. அதன் ஒன்பதாவது பிரிவைத் தேடிப் படியுங்கள். உன்னை அடித்தால் நான் வந்து சண்டை போடுவேன் என்று அதில் இல்லை. உடனே கலந்து பேசுவோம், ஆபத்தை நீக்க வேண்டியதைச் செய்வோம் என்றுதான் இருக்கிறது. அந்த அளவு போதும் என்று டெல்லி கணக்குப் போட்டது. டிசம்பர் 3 தொடங்கிய போர் 16ஆம் தேதி முடிந்தது. எட்டு மாதம் மூட்டை, 13 நாள் சண்டை.

நீங்கள் மெச்சும் அமெரிக்காவும் இதற்கு விலக்கில்லை. 1958இல் கனடாவோடு வான்பாதுகாப்புக்குக் கூட்டுத் தலைமையகம் அமைத்தார்கள். தலைவர் அமெரிக்கர், துணைத் தலைவர் கனடாக்காரர். பாசமில்லை, சோவியத் குண்டுவிமானம் வடதுருவம் தாண்டி வந்தால் கனடாவின் தலைக்கு மேல்தான் வரவேண்டும். 1949 நேட்டோ ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவுகூட, ஒருவரைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகும் என்று முழங்கிவிட்டு, ஒவ்வொரு நாடும் தேவை என்று தான் கருதுவதைச் செய்யும் என்று முடிகிறது. அது நடைமுறைக்கு வந்தது ஒரே ஒரு முறை, 2001 செப்டம்பரில், அமெரிக்காவுக்காக. நம் கடற்படை அமெரிக்காவோடு நடத்தும் மலபார் கூட்டுப் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1992இல் தொடங்கியது. 1998 பொக்ரான் சோதனையோடு அமெரிக்கா நிறுத்தியது. 2002இல் திரும்ப வந்தது. ஆஸ்திரேலியா 2007இல் வந்துவிட்டுப் போய், 2020இல்தான் மறுபடி தலைகாட்டியது. வரும்போது ஆரத்தியும் போகும்போது சாபமும் வேண்டியதில்லை. ஏன் வந்தார்கள், எதுவரை நிற்பார்கள் என்று நம் பக்கம் எழுதிவைத்திருந்தால் போதும். பங்காளிகள் சேர்ந்து வெட்டிய கிணற்றுக்கே தண்ணீர் முறை எழுதிவைக்கிற ஊர்க்காரர்கள் நாம். நாடு என்று வந்ததும் மட்டும் மானம், ரத்தம், மண் என்று பேச ஆரம்பித்துவிடுகிறோம்.

யாரோடு சேர்வது என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லையே என்பீர்கள். அவரவர் களக்காடு என்ன என்று தெரிந்தால் யாரோடும் சேரலாம்.

விஜயநாராயணம் பற்றி ஒன்று சொல்லி முடித்துவிடுகிறேன். 1990இல் தொடங்கிய அந்த நிலையம் கடலுக்கடியில் கிடக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புவதற்கானது. மிகத் தாழ்ந்த அலைவரிசைதான் தண்ணீருக்குள் சில மீட்டராவது இறங்கும். அதில் செய்தி மெதுவாகத்தான் போகும், கொஞ்சம்தான் போகும். கப்பல் அதே வழியில் திருப்பிப் பேச முடியாது. ஆகவே எந்தச் செய்திக்கு என்ன செய்ய வேண்டும் என்பதைக் கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போதே பேசி முடித்திருக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது அந்தக் கம்பங்களை அண்ணாந்து பார்த்துப் பயப்படாமல் இதை யோசியுங்கள்.

கடிதத்தோடு அந்தக் கம்பங்களை வேலிக்கு அருகே போய் எடுத்த படம் ஒன்றும் அனுப்பியிருந்தீர்கள். அதை நான் வெளியிடவில்லை. தடை செய்யப்பட்ட இடம் என்று அந்தப் படத்திலேயே பலகை தெரிகிறது. நீங்களும் அதை முகநூலில் போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.