எட்டு நாளில் எகிப்து: முட்டி வலி உள்ள அம்மாவோடு எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி: டிசம்பர் கடைசியில் அப்பா (68), அம்மா (64) இருவரையும் எகிப்துக்கு அழைத்துப் போகிறேன். அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏறினால் சிரமம். ட்ராவல்ஸ்காரர் கொடுத்த எட்டு நாள் பேக்கேஜில் கெய்ரோ, அலெக்சாண்டிரியா, லக்சர், அஸ்வான், அபு சிம்பல், ஹுர்காதா எல்லாமே இருக்கின்றன. சரிப்பட்டு வருமா?

பதில்: வராது. முதலில் அலெக்சாண்டிரியாவையும் ஹுர்காதாவையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். ஹுர்காதா செங்கடல் ஓரத்து பீச் ஊர், நீங்கள் போகிற காரியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அலெக்சாண்டிரியா நல்ல ஊர்தான், ஆனால் பெயர் பெற்ற அந்தப் பழைய நூலகமும் கலங்கரை விளக்கமும் இன்று இல்லை, அதற்காக ஒரு நாளில் பெரும்பகுதியை ரோட்டிலேயே கழிக்க வேண்டாம். மாதம் சரியானது. கோடையில் லக்சரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், பெரியவர்களால் தாங்க முடியாது. டிசம்பரில் கூட்டம் இருக்கும், அவ்வளவுதான். காலையில் குளிரும் என்பதால் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வரிசை. பேக்கேஜ்காரர்கள் பலரும் முதல் வேலையாக கீசா பிரமிடுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். நான் சொல்வது, முதலில் கெய்ரோவுக்குப் பக்கத்தில் இருக்கும் சக்காராவுக்குப் போங்கள். அங்கே இருப்பது மன்னர் ஜோசரின் படிக்கட்டுப் பிரமிடு, கிட்டத்தட்ட 4,650 ஆண்டு பழையது, அவருடைய அமைச்சர் இம்ஹோதெப் கட்டியதாகச் சொல்கிறார்கள், எகிப்தின் முதல் பிரமிடு அதுதான். அங்கிருந்து தாஷூர் பக்கம்தான். அங்கே மன்னர் ஸ்னெஃப்ரு கட்டத் தொடங்கிய பிரமிடில் பாதி உயரத்தில் சரிவைக் குறைத்துவிட்டார்கள், அதனால் அது வளைந்தே நிற்கிறது. அடுத்ததைத் தொடக்கத்திலிருந்தே குறைந்த சரிவில் கட்டி முடித்தார்கள், அதுதான் சிவப்புப் பிரமிடு. அவருடைய மகன் குஃபுதான் கீசாவின் பெரிய பிரமிடைக் கட்டியவர். இந்த வரிசையில் பார்த்துவிட்டு மறுநாள் கீசாவில் போய் நின்றால், 146 மீட்டர் உயரத்துக்குக் கல் அடுக்க அவர்கள் எப்படிக் கற்றுக்கொண்டார்கள் என்பது கண்ணுக்கே தெரியும், யாரும் விளக்க வேண்டியதில்லை.

அம்மா பெரிய பிரமிடுக்குள் போகவே வேண்டாம். ஏறுகிற பாதை சுமார் 1.2 மீட்டர் உயரம்தான், குனிந்தபடியே ஏற வேண்டும், உள்ளே காற்றும் புழுக்கமாக இருக்கும், கடைசியில் பார்ப்பது ஓவியமே இல்லாத ஒரு கருங்கல் அறை. அதைவிட சக்காராவில் அமைச்சர் மெரெரூக்காவின் கல்லறை அவருக்குப் பொருத்தம். தரைமட்டத்தில் இருக்கிறது, முப்பதுக்கும் மேற்பட்ட அறைகள், சுவர் முழுக்க மீன்பிடிப்பும் நீர்யானை வேட்டையுமாகச் செதுக்கியிருக்கிறார்கள். கீசா பார்த்த அன்றே பக்கத்தில் உள்ள கிராண்ட் எகிப்திய மியூசியத்துக்குப் போய்விடலாம். 2025 நவம்பரில் முறையாகத் திறந்தார்கள், மன்னர் துட்டன்காமுனின் தங்க முகமூடி இப்போது அங்கேதான். டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

நான்காம் நாள் கெய்ரோவிலிருந்து விமானத்தில் நேரே அஸ்வான், அங்கிருந்து மூன்று இரவு நைல் படகில் லக்சர். லக்சரில் ஏறினால் பல படகுகள் நான்கு இரவு எடுக்கும், அதனால்தான் இந்தத் திசையைச் சொல்கிறேன். கோம் ஓம்போ, எட்ஃபு கோயில்கள் வழியிலேயே வந்துவிடும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டல் மாற்ற வேண்டியதும் இல்லை. அபு சிம்பல் அஸ்வானிலிருந்து ரோட்டில் சுமார் 280 கிலோமீட்டர், விடியற்காலையில் கிளம்ப வேண்டும். இரண்டாம் ராம்செஸ் மலையைக் குடைந்து செய்த அந்தக் கோயிலை, அஸ்வான் அணை கட்டியபோது நீரில் மூழ்காமல் இருக்கத் துண்டு துண்டாக அறுத்து 65 மீட்டர் மேலே நகர்த்தி வைத்தார்கள் (1964 முதல் 1968 வரை நடந்த வேலை). என்னைக் கேட்டால் நீங்களும் அப்பாவும் கட்டாயம் போங்கள். அம்மாவுக்கு அவ்வளவு தூரம் உட்கார முடியாது என்றால் படகிலேயே ஓய்வெடுக்கட்டும்.

லக்சரில்தான் அதிகக் கவனம் தேவை. மன்னர்களின் பள்ளத்தாக்கில் சாதாரண டிக்கெட்டுக்கு மூன்று கல்லறைகள் பார்க்கலாம், எந்த மூன்று என்பதைக் கைடிடம் விட்டுவிடாதீர்கள். நான்காம் ராம்செஸ், ஒன்பதாம் ராம்செஸ் இரண்டும் நுழைவாயிலுக்குப் பக்கத்தில், சாய்வும் மெதுவானது, நிறமும் அருமை. அன்றைக்குத் திறந்திருந்தால் அவற்றையே கேளுங்கள். மூன்றாம் துட்மோஸ் கல்லறைக்கு இரும்புப் படியில் ஏறி மறுபடி செங்குத்தாக இறங்க வேண்டும், முதலாம் சேத்தியுடையதும் மிக ஆழம். அம்மாவுக்கு இரண்டும் வேண்டாம். துட்டன்காமுனுக்குத் தனி டிக்கெட். கல்லறை சின்னது, படிகள் உண்டு, ஆனால் அவருடைய உடல் இன்னும் அங்கேயே இருக்கிறது. டிக்கெட் கவுன்டரிலிருந்து கல்லறைகள் வரை பேட்டரி வண்டி ஓடுகிறது, நடக்க வேண்டாம்.

லக்சரிலேயே இருக்கும், 134 தூண்கள் நிற்கும் பெரிய மண்டபம் கொண்ட கர்னாக் கோயில் பெரும்பாலும் சமதரை, மெதுவாக நடந்து பார்க்கலாம். அதை வெயில் தாழ்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், எட்டாம் நாள் கெய்ரோ வழியாகத் திரும்பிவிடலாம்.

பெரிய இடங்களில் டிக்கெட்டுக்கு ரொக்கம் வாங்குவதில்லை, கார்டுதான், எனவே வெளிநாட்டில் வேலை செய்யும்படி கார்டை வங்கியில் சொல்லித் திறந்து வையுங்கள். பக்‌ஷீஷ் (டிப்ஸ்) கொடுக்கச் சின்ன நோட்டுகள் எப்போதும் கையில் இருக்கட்டும். கல்லறைக்குள் காவலாளி கூப்பிட்டு எதையாவது காட்டினால் அதற்கும் கேட்பார், விருப்பமில்லாவிட்டால் ஆரம்பத்திலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.