கண்ணும் கலங்க வேண்டும், கதையும் விறுவிறுப்பாகப் போக வேண்டும் என்றால்

திருகோணமலையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து மாதம் ஒரு நாவல் வாசிக்கிறீர்கள், திகிலும் உருக்கமும் சேர்ந்தது எது என்று கேட்கிறீர்கள். உங்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்தை விட்டபிறகு நாவலே தொடாதவர்களாக இருப்பார்கள். அவர்களை மனதில் வைத்தே சொல்கிறேன்.

முதலில் பாலமனோகரனின் 'நிலக்கிளி'. 1973இல் வந்தது, சிறிய நாவல், இரண்டு இரவு போதும். வன்னியில் தண்ணிமுறிப்புக் காடு, ஒரு புருஷன் பெண்சாதி, ஒரு வாத்தியார். கொலை, துப்பு எதுவும் கிடையாது. அந்த மூவருக்கும் புலப்படாதது நமக்குப் புலப்பட்டுவிடும், அதனாலேயே நெஞ்சு அடித்துக்கொள்ளும். கொடுக்கும்போது "சோகமான கதை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் முதல் பக்கத்திலிருந்தே எங்கே அழுவது என்று காத்திருப்பார்கள், அழுகையும் வராது.

அடுத்தது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. ஜப்பான்காரன் இந்தோனேசியாவின் மேடான் நகருக்குள் நுழைவதில் தொடங்குகிறது. முதல் ஐம்பது, அறுபது பக்கத்தில்தான் ஆட்கள் கழன்றுபோவார்கள். மலாய்ச் சொல், ஊர்ப்பெயர், பழைய நினைவு எல்லாம் ஒன்றாக வந்து விழும். அர்த்தம் தேடாமல் தாண்டிப் போகச் சொல்லுங்கள். கதாநாயகன் பாண்டியனைப் பிடித்துக்கொண்டால் போதும்.

வெறும் பயம் வேண்டுமென்றால் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. பேயா, விஞ்ஞானமா என்று கூட்டத்தில் நன்றாகச் சண்டை பிடிக்கலாம். கண்ணீரை அதில் தேட வேண்டாம்.

'பொன்னியின் செல்வன்' சொல்லவில்லையே என்று கல்கி ரசிகர்கள் கோபிக்கக் கூடாது. ஐந்து பாகம், ஒரு மாதத்தில் முடியாது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனை யார் கொன்றது என்று தெளிவாகத் தெரியாமலே முடிவதில் புதியவர்கள் எரிச்சல்படுவார்கள். ஆசையென்றால் இலங்கைக்கு வரும் 'சுழற்காற்று' வரை இரண்டு பாகத்தோடு நிறுத்துங்கள். நாட்டுடைமையானதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

இன்னொன்று, முன்னுரையைக் கடைசியில் வாசியுங்கள். கதை முடிவைப் போட்டு உடைக்காமல் முன்னுரை எழுத நம் பேராசிரியர்மாருக்கு ஏனோ கை வருவதில்லை. பின்னட்டையும் அப்படித்தான். அதில் போட்டிருக்கும் இந்திய விலையையும் நம்பிவிடாதீர்கள், இங்கே கடைக்கு வரும்போது மூன்று மடங்குக்கு மேல். ஈழத்து நூல்களை வாங்குமுன் 'நூலகம்' இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள், அங்கேயே வாசிக்கக் கிடைத்தாலும் கிடைக்கும்.

நாவலின் முக்கால்வாசியில் ஒரு அத்தியாயத்தைக் குறித்து, அதோடு நிறுத்திவிட்டுக் கூடுங்கள். கடைசிக் கால்வாசியையும் வாசித்துவிட்டு வந்தால் "முடிவு பிடித்தது, பிடிக்கவில்லை" என்பதோடு பேச்சு அடங்கிவிடும். முந்தி முடித்தவர் வாட்ஸப்பில் "ஐயோ" என்றுகூடப் போடக் கூடாது, அந்த ஒரு சொல்லே காட்டிக்கொடுத்துவிடும்.

நம் மூதூர் எழுத்தாளர் வ. அ. இராசரத்தினத்தை எப்படி விட்டீர் என்று யாராவது கட்டாயம் வருவீர்கள். விடவில்லை. அவருடைய 'தோணி' சிறுகதை, நீங்கள் கேட்டது நாவல். ஆனாலும் முதல் கூட்டத்தில் அதை ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். யார் எந்த இடத்தில் தொண்டையைச் செருமுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டால் அடுத்த மாதப் புத்தகத்தைத் தெரிவது சுலபம்.