துபாயில் சிசிஐஇ லேப் தேர்வு: முதல் முறை போகிறவருக்கு

கேள்வி: பேட்டையில் இருக்கிறேன், வயது 28. சிசிஐஇ என்டர்பிரைஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் என்ற சிஸ்கோ நிறுவனத்தின் உயர்நிலை நெட்வொர்க் சான்றிதழுக்கான முதற்கட்டத் தேர்வான என்கோரில் தேறிவிட்டேன். பெங்களூரில் தோதான தேதி கிடைக்கவில்லை. துபாயில் லேப் என்ற செய்முறைத் தேர்வை எழுதப் பதிவு செய்திருக்கிறேன். வெளிநாடு போவது இதுதான் முதல் தடவை. ஷார்ஜாவில் அத்தை மகன் வீட்டில் தங்கலாம் என்று நினைக்கிறேன். அங்கே என்ன நடக்கும், எப்படித் தயாராவது?

பதில்: தம்பி, கடைசியில் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். தேர்வுக்கு முந்தின இரவு ஷார்ஜாவில் தங்காதீர்கள். அங்கிருந்து துபாய்க்கு வேலைக்குப் போகிறவர்களின் வண்டிகள் காலையில் சாலையை அடைத்து நிற்கும். தேர்வு மையத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு இரவு அறை எடுங்கள். செலவுக்குப் பயந்து, திருவனந்தபுரத்தில் ராத்திரி விமானம் ஏறி விடிந்ததும் நேரே தேர்வுக்குப் போகத் தோன்றும். நான் முதல் தடவை அப்படித்தான் போனேன், தேறவில்லை. படித்ததெல்லாம் நினைவில் இருந்தது. ஆனால் ஐந்தாவது மணி நேரத்தில் ஒரே வரியை மூன்று தரம் படித்தும் மண்டையில் ஏறவில்லை.

தேர்வு மொத்தம் எட்டு மணி நேரம், இரண்டு பகுதி. முதல் மூன்று மணி நேரம் டிசைன். இதில் ரூட்டரைத் தொடவே முடியாது. ஒரு நிறுவனத்தின் தேவைகள், மின்னஞ்சல்கள், நெட்வொர்க் வரைபடங்கள் எல்லாம் கொடுத்து, எந்த வடிவமைப்பு பொருந்தும், ஏன் என்று கேட்பார்கள். முடித்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போனால் திரும்பி வர வழியில்லை. கமாண்டுகளை மட்டும் மணிக்கணக்கில் அடித்துப் பழகியவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தபட்ச மதிப்பெண் தனியாக உண்டு. மொத்தத்துக்கும் ஒன்று உண்டு. அதனால் ஒன்றில் வாங்கியதை வைத்து மற்றதை முழுவதும் ஈடுகட்ட முடியாது. வாரம் ஒரு நாள், போனைத் தள்ளி வைத்துவிட்டு, நீளமான ஆங்கில ஆவணங்களை மூன்று மணி நேரம் இடைவிடாமல் படித்துப் பழகுங்கள்.

அடுத்த ஐந்து மணி நேரம் கருவிகளில் கைவேலை. ஓஎஸ்பிஎஃப், பிஜிபி போன்ற, ரூட்டர்கள் வழி கண்டுபிடிக்கும் பழைய நெறிமுறைகள் மட்டும் போதாது. பாடத்திட்டத்தில் சாஃப்ட்வேர் டிஃபைன்டு (மென்பொருள் வழியாக நெட்வொர்க்கை நடத்துவது) பகுதி 25 சதவீதம், ஆட்டோமேஷன் 15 சதவீதம். இரண்டும் சேர்ந்தால் 40. வீட்டு லேபில், முதல் பகுதியில் வரும் எஸ்டி-வானுக்கும் ஆட்டோமேஷனுக்கான நிரல்மொழி பைத்தானுக்கும் அந்த அளவு நேரம் கொடுக்கிறீர்களா என்று கணக்குப் பாருங்கள். கைவைக்கும் முன் கால் மணி நேரம் ஒதுக்கி எல்லாக் கேள்வியையும் படியுங்கள். ஒன்பதாவது கேள்வியில் வரும் ஒரு நிபந்தனை, இரண்டாவதில் நீங்கள் செய்ததைக் கலைத்துவிடக்கூடும். ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் கன்ஃபிகரேஷனை (கருவியில் செய்த அமைப்புகளை) சேமியுங்கள்.

சந்தேகம் வந்தால் புராக்டரிடம், அதாவது தேர்வு மேற்பார்வையாளரிடம், கேளுங்கள். 'இது சரியா?' என்று கேட்டால் பதில் வராது. 'இந்த வரியை இப்படியும் எடுத்துக்கொள்ளலாம், அப்படியும் எடுத்துக்கொள்ளலாம், எது?' என்று கேட்டால் விளக்கம் கிடைக்க வாய்ப்பு உண்டு. கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்ற கூச்சம் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நிறைய. அதை வாசலிலேயே விட்டுவிடுங்கள்.

உட்கார்ந்ததும் கீபோர்டைப் பாருங்கள். கருவியின் நிலையைக் காட்டும் ஷோ கமாண்டோடு நாள் முழுக்க அடிக்கப்போகும் அந்தச் செங்குத்துக் கோடு (|), பிரிட்டிஷ் அமைப்பில் இடது ஷிஃப்ட் பக்கத்தில் இருக்கும். நமக்குப் பழகிய அமெரிக்க அமைப்பில் என்டருக்கு மேலே. முதல் நிமிடத்திலேயே அடித்துப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் பெயர். இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் நம்மைப் போல இனிஷியல் போடுகிறவர்களுக்குப் பெரிய தொல்லை. தேர்வுக் கணக்கில் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாகவும் இருந்தால் அடையாளம் சரிபார்க்கும்போது சிக்கல் வரும். பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே மாற்றித்தரச் சொல்லி இப்போதே எழுதுங்கள். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும்; விசாவை இங்கிருந்தே வாங்கிவிட்டுக் கிளம்புங்கள். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். இது உங்களுக்குச் சாதகம்தான், காலையில் தானாகவே விழிப்பு வரும்.

முடிந்து வெளியே வந்ததும் கேள்விகளை யாரிடமும் சொல்லாதீர்கள். வெளியிடமாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் எழுதியிருப்பீர்கள். உங்களுக்கு நேரம் எங்கே போனது என்பதை மட்டும் அன்றே குறித்து வையுங்கள். முடிவு பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் மின்னஞ்சலில் வந்துவிடும். சரி, அந்த இரண்டு நாளை ஷார்ஜாவுக்குக் கொடுங்கள். அத்தை மகன் வீட்டுச் சாப்பாடு அப்போதுதான் ருசிக்கும்.