கேட்டும் கிடைக்காதவர்களின் சாட்சி

கர்த்தருக்குள் அன்பான அம்மாவுக்கு ஸ்தோத்திரம்.

என் விசுவாசத்தைப் பற்றித் தமிழில் எழுத வேண்டும் என்று ஜெபத்தில் உட்காரும்போதெல்லாம் ஏவப்படுகிறேன். எங்கள் ஊரில் இருந்து பர்மிய வேதாகமத்தை முடித்த அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயாவின் வாழ்க்கையில் தொடங்கலாம் என்றிருக்கிறேன். எங்கள் போதகரோ, முதலில் வேதாகமக் கல்லூரியில் படி, பிறகு எழுது என்கிறார். என் தமிழிலும் பிழை அதிகம். இது தேவ அழைப்பா, என் ஆசையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு வாசகி, மோல்மேன், பர்மா

அன்புள்ள மகளுக்கு,

பிழையைப் பற்றிக் கவலைப்படாதே, திருத்திக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். போதகர் சொன்னதும் உன் நல்லதற்குத்தான். வழி இருந்தால் படி. படித்துக்கொண்டே எழுது.

ஜட்சனில் தொடங்குவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 1813இல் ரங்கூனில் வந்து இறங்கினார், முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுக்கவே 1819 ஆனது, அவர் சிறையில் கிடந்தபோது மனைவி கையெழுத்துப் பிரதியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் காப்பாற்றினார், 1834இல் மொழிபெயர்ப்பு முடிந்தது. இதெல்லாம் நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். அவரைப் பற்றி எழுத உலகம் முழுக்க ஆள் உண்டு. உன் பாட்டியைப் பற்றி எழுத உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

கொஞ்ச நாளாக நான் என் அத்தையையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு உடனே பதில் எழுதுவதும் அதனால்தான். 1964 மார்ச்சில் கடைகளைப் பர்மா அரசு எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கப்பல் கப்பலாகத் தமிழர்கள் இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். பெரியப்பாவும் போனார். போய் இறங்கியதும் கடிதம் போடுகிறேன், உன்னையும் அழைத்துக்கொள்கிறேன் என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனார். கடைசிவரை கடிதம் வரவே இல்லை. அத்தை தினமும் முழங்காலில் நின்றாள். 1966இல் வெளிநாட்டு மிஷனரிமாரை வெளியேற்றிய பிறகு, உபதேசியார் வராத ஞாயிறுகளில் அவளே பெண்களைக் கூட்டி வைத்துப் பாட்டு நடத்தினாள். பாட்டுப் புத்தகத்தை வைத்து எனக்குத் தமிழ் எழுத்து பழக்கியதும் அவள்தான்.

ஒருநாள் அவளிடம் கேட்டேன். "இத்தனை வருஷம் கேட்டும் தரலையே அத்தை, கோபம் வரலையா?"

"வந்துச்சு. அதையும் அவர்கிட்டதானே சொல்லணும்?" என்றாள்.

சபையில் சாட்சி சொல்ல அவளை யாரும் கூப்பிட்டதில்லை. வியாதி நீங்கினவர்கள், வேலை கிடைத்தவர்கள், பிள்ளைக்கு விசா கிடைத்தவர்கள் எழுந்து நின்றார்கள். அவர்கள் சந்தோஷம் நிஜம், நானும் மனமார அல்லேலூயா சொல்லியிருக்கிறேன். ஆனால் நம்மவர்கள் எழுதும் சாட்சிகளைப் பார். பாவத்தில் இருந்தேன், நோயில் விழுந்தேன், ஜெபித்தேன், எழுந்தேன். எல்லாம் ஒரே அச்சு. கேட்டும் கிடைக்காத ஒருத்தி அதைப் படித்துவிட்டு, தன் விசுவாசத்தில்தான் ஏதோ குறை என்று ராத்திரியெல்லாம் அழுகிறாள். அந்த அழுகைக்கு எழுதுகிறவர்கள்தான் பொறுப்பு.

வேதம் இப்படி எதையும் மறைக்கவில்லை. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, கடைசி வரியில்கூட ஆறுதல் இல்லை. தன் மாம்சத்தில் இருந்த முள்ளை நீக்கச் சொல்லிப் பவுல் மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை, கிருபை போதும் என்ற பதில்தான் வந்தது. அதை அப்படியே கொரிந்து சபைக்கு எழுதினார். அப்போஸ்தலனே எழுதியதை எழுத உனக்கு என்ன பயம்? நீ கேட்டுக் கிடைக்காதது ஒன்று உனக்கும் இருக்கும். அதைத் தொடாமல் விசுவாசத்தைப் பற்றி எழுதினால் நான் படிக்க மாட்டேன்.

அழைப்பா ஆசையா என்று கேட்டாய். அடையாளத்துக்காகக் காத்துக்கொண்டே இருக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நீ காத்திருக்கும் நேரத்தில் 1964ஐக் கண்ணால் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு ஓடாதே. மூத்தவர்களோடு உட்கார். அப்போது என்ன கேட்டு ஜெபித்தீர்கள், என்ன ஆனது என்று கேள். கிடைத்ததையும் கிடைக்காததையும் அவர்கள் வாயில் வந்த வார்த்தையிலேயே எழுதிக்கொள். பெயர் போடலாமா என்று அவர்களிடமே கேட்டுக்கொள். முதல் கட்டுரை அடுத்த மாதத்துக்குள் எனக்கு வந்துவிட வேண்டும்.