ரிங்கு ஏன் வெளியே, துபே ஏன் உள்ளே? டி20 அணித்தேர்வு கேள்வி பதில்

கேள்வி: 2024 டி20 உலகக் கோப்பைக்கு ரிங்கு சிங்கை 15 பேரில் சேர்க்காதது அநியாயம் இல்லையா சார்?

பதில்: அநியாயம்தான். அணி அறிவிக்கும்போது அவர் சராசரி 89, ஸ்ட்ரைக் ரேட் 176. அந்த ஜனவரியில் பெங்களூரில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக 22 ரன்னுக்கு 4 விக்கெட் போன நிலையில் ரோஹித்தோடு சேர்ந்து 190 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றவர். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று அப்போதைய தேர்வுக் குழுத் தலைவர் அகர்கரே ஒப்புக்கொண்டார்.

ஆனால் அவரைத் தள்ளியது துபே என்று பலர் நினைக்கிறார்கள். என் கணக்கு வேறு. துபேக்கு மிடில் ஓவரில் ஸ்பின்னை அடிக்கிற வேலை. ரிங்குவுக்குக் கடைசி 5 ஓவர். அவர் இடத்தை எடுத்தது நாலாவது ஸ்பின்னர். கேப்டன் ரோஹித் நாலு ஸ்பின்னர் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். வெஸ்ட் இண்டீஸ் ஆடுகளங்களுக்கு அது சரியான யோசனைதான். கயானா அரையிறுதியில் குல்தீப்பும் அக்சரும் ஆளுக்கு 3 விக்கெட் எடுக்க, இங்கிலாந்து 103-க்குச் சுருண்டது. ஆனால் அதற்கு அக்சர், ஜடேஜா, குல்தீப் மூவரே போதுமானதாக இருந்தது. நாலாவது ஸ்பின்னரான சாஹல் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. அந்த இடம் ரிங்குவுக்குப் போயிருக்க வேண்டும்.

கேள்வி: கோலி அந்தத் தொடரில் ஃபைனலுக்கு முன்னால் 7 இன்னிங்ஸில் 75 ரன். ஓப்பனர் ஜெய்ஸ்வாலை உட்கார வைத்தது சரியா அண்ணா?

பதில்: சரி. கோலி ஓப்பனிங் இறங்கியதால்தான் மூன்றில் பந்த், நடுவில் துபே என்று ஆட முடிந்தது. ஜெய்ஸ்வால் வந்திருந்தால் துபே வெளியே போயிருப்பார். பார்படாஸ் ஃபைனலில் 34-க்கு 3 விக்கெட் விழுந்ததும் அக்சரை ஐந்தாவதாக அனுப்பினார்கள். 31 பந்தில் 47. துபே 16 பந்தில் 27. கோலி ஒரு முனையைப் பிடித்து 76. ஜெயித்தது 7 ரன்னில். அந்த 27-ஐ எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: நான் சேலம். நம்ம நடராஜனை ரிசர்வில்கூட வைக்கவில்லையே, தமிழ்நாட்டுக்காரர் என்பதாலா?

பதில்: மாநிலத்தை இதில் இழுக்க நான் தயாராக இல்லை. இடக்கை வேகத்துக்கு அர்ஷ்தீப் இருந்தார். புதுப் பந்தை ஸ்விங் செய்வார், டெத்திலும், அதாவது கடைசி ஓவர்களிலும், போடுவார். ரிசர்வில் கலீல். ஆனால் கலீலின் பலம் புதுப் பந்துதான். அர்ஷ்தீப்புக்கு அடிபட்டிருந்தால் 19-வது ஓவரை யார் போடுவது? அணி அறிவிப்புக்குப் பத்து நாள் முன்புதான் நடராஜன் ஐபிஎல்லில் டெல்லிக்கு எதிராக 19 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்தார். அவர் போட்ட 19-வது ஓவர் ரன்னே இல்லாத மெய்டன், அதில் மட்டும் 3 விக்கெட். ரிசர்வ் இடம் அவருக்கு உரியது. இதை எவ்வளவு அழுத்தமாக வேண்டுமானாலும் சொல்வேன்.

கேள்வி: ஐபிஎல் ரன்னை வைத்து மட்டும் எடுத்துவிட்டால் என்ன?

பதில்: கூடாது. ஐபிஎல்லில் ஆட்டத்தின் நடுவே ஒருவரை எடுத்துவிட்டு இன்னொருவரை இறக்கும் இம்பாக்ட் பிளேயர் விதி இருக்கிறது, சர்வதேச ஆட்டத்தில் இல்லை. பேட்டிங்குக்கு மட்டும் வருகிற ஆல்ரவுண்டரின் பந்துவீச்சை எதை வைத்து எடைபோடுவது? ரிங்கு மாதிரி ஏழாவதாக இறங்குகிறவருக்குப் பல மேட்சில் நாலைந்து பந்துதான் கிடைக்கும்.

கேள்வி: கில்லை 2026 உலகக் கோப்பை அணியிலிருந்து எடுத்தார்களே, துணை கேப்டனை நீக்கலாமா?

பதில்: நீக்கலாம், இன்னும் முன்பே நீக்கியிருக்கலாம். 2025 முழுக்க டி20 சர்வதேசத்தில் அவரிடமிருந்து ஒரு அரைசதம்கூட வரவில்லை. எனக்கு உறுத்துவது சாம்சன் விஷயம். 2024-ல் ஓப்பனராக மூன்று சதம் அடித்தவரை, கில் வருகிறார் என்று கீழே இறக்கினார்கள். அங்கே தடுமாறியதும் அதையே காரணம் காட்டி இன்னொரு விக்கெட் கீப்பரான ஜிதேஷைக் கொண்டுவந்தார்கள். ஓப்பனரை ஐந்தாவதில் இறக்கிப் பரீட்சை வைத்தால் அந்த மார்க்குக்கு மதிப்பில்லை. சாம்சனை மறுபடி தொடக்க இடத்துக்கே எடுத்தது சரியான முடிவு.