‘அடித்துக்கொண்டோம்’ என்ற சொல்லும் தற்காப்பு வாதமும்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகளுள் ஒன்றில் குடியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரரும் நானும் அடித்துக்கொண்டதில் அவருடைய முன்கை எலும்பு முறிந்துவிட்டது. அவருடைய கார் எங்கள் வாசலை மறித்து நின்றதில் தொடங்கிய வாய்ச்சண்டையில் முதலில் கைநீட்டியவன் நான்தான். சற்று நேரத்தில் நான் விலகி, எங்கள் கேட்டுக்குள் வந்துவிட்டேன். அவர் மண்வெட்டியுடன் உள்ளே வந்து ஓங்கவே, அங்கே கிடந்த பலகையால் அவர் கையில் அடித்தேன். மண்வெட்டி கீழே விழுந்த பிறகு, அவர் தோளில் இன்னோர் அடியும் விழுந்தது. கொடுங்காயம் விளைவிக்கும் நோக்குடன் தாக்கியதாக என்மீது வழக்கு. தற்காப்பு என்று நான் சொல்ல முடியுமா? அபராதத்தைக் கட்டி முடித்துக்கொள் என்கிறார்கள் உறவினர்கள்.

பதில்: சொல்ல முடியும். ஆனால் ‘அடித்துக்கொண்டோம்’ என்ற சொல்லை மட்டும் கோர்ட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். யார், எப்போது, யாரை அடித்தார் என்பதையெல்லாம் ஒன்றாகக் கரைத்துவிடும் சொல் அது. விரும்பிச் சண்டையில் இறங்கிய இருவரில் எவரும் பொதுவாகத் தற்காப்பைக் கோர முடியாது, ஏனெனில் இருவர் செய்வதும் சட்டவிரோதமான தாக்குதலே. இருவரும் சம்மதித்துத்தான் மோதினோம் என்ற வாதமும் பெரும்பாலும் எடுபடாது. உங்கள் முதல் அடிக்கு, அவர் எவ்வளவு கேவலமாகப் பேசியிருந்தாலும், தற்காப்பு இல்லை. வசைச்சொல் தண்டனையைக் குறைக்க உதவலாமே தவிர, அடியை நியாயப்படுத்தாது.

ஆனால் நீங்கள் தெளிவாக விலகி உங்கள் கேட்டுக்குள் போன பிறகு அவர் மண்வெட்டியுடன் வந்தது அந்தச் சண்டையின் தொடர்ச்சி அல்ல, புதிய தாக்குதல். முன்பு தவறு செய்தவர் என்பதற்காக உங்கள் உயிரைக் காத்துக்கொள்ளும் உரிமை பறிபோய்விடவில்லை. தென்னாப்பிரிக்காவில் தற்காப்பு என்பது தனிச் சட்டமாக எழுதப்பட்டதன்று, நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே வளர்ந்த பொதுச்சட்டக் கோட்பாடு. தாக்குதல் சட்டவிரோதமானதா, அது தொடங்கிவிட்டதா அல்லது உடனே தொடங்கவிருந்ததா, எதிர்ச்செயல் தாக்கியவரையே நோக்கியதா, அது தேவையானதாகவும் ஆபத்துக்கு ஏற்ற அளவிலும் இருந்ததா என்றே கோர்ட் பார்க்கும்.

“வீட்டுக்குள் ஓடியிருக்கலாமே” என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். 1953-ஆம் ஆண்டின் சிகலாலா வழக்கில், கூட்டம் நெரித்த ஒரு பியர் ஹாலில் கத்தியால் தாக்கப்பட்டவரைப் பற்றி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இன்றும் நிற்கிறது: பாதுகாப்பாகத் தப்ப வழியில்லாதபோது, முதுகில் குத்து வாங்கும் ஆபத்தை ஏற்று ஓட எவரும் கடமைப்பட்டவர் அல்லர். ஆகவே கேட்டிலிருந்து உங்கள் வீட்டுக் கதவு எத்தனை அடி தூரம், அது பூட்டியிருந்ததா, உங்களுக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்பவை முக்கியமானவை. இன்றே அளந்து, படமெடுத்து வையுங்கள்.

உண்மையான சிக்கல் தோளில் விழுந்த அந்த இரண்டாவது அடியில்தான் இருக்கிறது. மண்வெட்டி விழுந்ததோடு ஆபத்து தீர்ந்ததென்றால் அதற்குப் பிந்தைய அடி பழிவாங்கல், தற்காப்பு அன்று. ஆனால் இரண்டு அடிக்கும் இடையே எவ்வளவு நேரம் இருந்தது? அவர் குனிந்து மண்வெட்டியை மீண்டும் எடுக்க முயன்றாரா? 1975-ஆம் ஆண்டின் என்டூலி வழக்கில், தற்காப்பின் எல்லையை நுண்ணளவுக் கருவி கொண்டு அளக்கக் கூடாது என்று நீதிமன்றம் கூறியது. ஒரே மூச்சில் விழுந்த இரு அடிகளுக்கும், ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு அடித்த அடிக்கும் அதனால்தான் வேறுபாடு உண்டு. மேலும், இங்கே தாக்குதல் குற்றத்துக்கு வேண்டுமென்றே செய்யும் எண்ணம் தேவை. கவனக்குறைவால் தாக்கியதாக ஒரு குற்றமே கிடையாது. ஆபத்து இன்னும் தீரவில்லை என்று நீங்கள் உண்மையாகவே நம்பியிருந்தால், அந்த நம்பிக்கை தவறாக இருந்தாலும்கூட, அது உங்களுக்குச் சாதகமாகலாம். இல்லாத நம்பிக்கையை இப்போது உருவாக்க முனையாதீர்கள். ஆத்திரத்தில் அடித்திருந்தால் வழக்கறிஞரிடம் அதை அப்படியே சொல்லிவிடுங்கள், ஏனெனில் அந்த ஓர் அடியை மறைக்கப் போய், நியாயமான முதல் பலகையடியையும் சேர்த்து இழந்தவர்கள் உண்டு.

தற்காப்பை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. அது தற்காப்பு அன்று என்பதை நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி அரசுத் தரப்பே நிரூபிக்க வேண்டும். நீங்கள் சொல்வது உண்மையாக இருக்க நியாயமான வாய்ப்பு இருந்தாலே விடுதலைதான். ஆனால் அவர் நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போட்டால் நிலைமை தலைகீழாகும், அங்கே தற்காப்பை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது.

அபராத யோசனையை நான் ஏற்கவில்லை. அது வெறும் பணம் அன்று, குற்றத்தை ஒப்புக்கொள்வது. உங்கள் பெயரில் குற்றப்பதிவு ஏறி, பிறகு வேலைக்கோ விசாவுக்கோ விண்ணப்பிக்கும்போது எதிரே வந்து நிற்கலாம். கட்டணம் கட்ட இயலாதென்றால், வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு லீகல் எய்ட் அமைப்பு வழக்கறிஞரைத் தருகிறது. அவரைப் பார்க்கும்வரை போலீஸில் மேலும் வாக்குமூலம் தர வேண்டாம். மௌனமாக இருக்கும் உரிமையை அரசியல் சாசனத்தின் 35-ஆம் பிரிவு தந்திருக்கிறது. உங்கள் உடம்பிலும் காயம் இருந்தால் மருத்துவர் ஜே 88 படிவத்தில் அதைப் பதிந்திருக்கிறாரா என்று பாருங்கள். எதிர் வீட்டு கேமராப் பதிவு தானாக அழிந்துபோகும் முன் நகல் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் நேரிலோ வாட்ஸ்அப்பிலோ இதைப் பற்றிப் பேசாதீர்கள், அவர் அரசுத் தரப்பின் சாட்சி.

உங்கள் வீட்டில் தமிழ் மட்டுமே சரளமாகப் பேசும் பெரியவர் யாராவது பார்த்திருந்தால், அவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவை என்பதை அடுத்த விசாரணைத் தேதிக்கு முன்பே வழக்கறிஞரிடம் தெரிவியுங்கள். ‘அடித்தார்’ என்பதும் ‘அடித்துக்கொண்டார்கள்’ என்பதும் ஆங்கிலத்தில் எப்படிப் பதிவாகின்றன என்பதை அன்று கோர்ட்டில் வழக்கறிஞர் கூர்ந்து கேட்டாக வேண்டும்.