புரோடீனியா புழுவும் வைரஸ் கரைசலும்

கேள்வி: நிலக்கடலையில் இலை தின்னும் புரோடீனியா புழுவுக்கு (புகையிலை வெட்டுப்புழு), புழுவுக்கு நோய் உண்டாக்கும் என்.பி.வி. வைரஸ் கரைசல் அடித்து மூன்று நாளாகிறது. புழு சாகவில்லையே, ஏன்?

பதில்: அவசரப்பட்டு ரசாயன மருந்து அடித்துவிடாதீர்கள். இந்த வைரஸ் பட்டவுடன் கொல்லாது. இலையோடு வயிற்றுக்குள் போய்ப் பெருகிக் கொல்ல 5 முதல் 7 நாள் ஆகும். நோய் முற்றிய புழு செடியின் மேலே ஏறித் தலைகீழாகத் தொங்கும். அதை அகற்ற வேண்டாம். உடல் உடைந்து வடியும் நீர்தான் மற்றவற்றுக்கும் நோயைப் பரப்பும்.

ஒரு வாரம் கழித்தும் அப்படித் தொங்கவில்லையென்றால், பெரும்பாலும் வெயிலில் அடித்ததே காரணம். புற ஊதாக் கதிரில் வைரஸ் செயலிழந்துவிடும். புழு பெரிதாக வளர்ந்திருந்தாலும் சரியாகப் பலிக்காது. பச்சைக் காய்ப்புழுவுக்கான வைரஸ் இதற்கு உதவாது, லேபிளைப் பாருங்கள்.

ஏக்கருக்கு 100 எல்.இ. (நோயுற்ற புழுக் கணக்கில் வைரஸைக் குறிக்கும் அளவு) கரைசலுடன் 1 கிலோ வெல்லம், சிறிது ஒட்டும் திரவம் கலந்து, இளம்புழுப் பருவத்தில், மாலையில், அடியிலையும் நனையத் தெளியுங்கள்.